கல்லு டிரசரும் காளிமுத்துவின் சாணைக்கல்லும்

காய்ச்சல் என்று போனவனை உட்காரவைத்து, அவன் காலடியில் இருக்கிற மலை எப்படிப் பிறந்தது என்பதை முதலில் சொல்லி முடித்துவிட்டு, அப்புறம் நாக்கை நீட்டச் சொன்ன வைத்தியர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கல்லு டிரசர். வேறு ஊரில் இன்னொருவர் இருந்தார் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அப்படி இரண்டு பேரை ஒரே பூமி தாங்காது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, புண் கட்டி, மருந்து கொடுப்பவரை எங்கள் பக்கத்தில் டிரசர் என்போம். கேமரன் மலையில், ரிங்லெட் டவுனுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எழுபதுகளின் கடைசியில் அவர் டிரசர். நான் ஆபீசில் சின்னக் கிராணி. அதாவது, பெரிய கிராணி கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்கிற அளவுக்கு எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவன். டிரசருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது எனக்கும் என் பேனாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஆள் ஒல்லி. தலையில் எந்நேரமும் குரங்குக் குல்லா. வெள்ளைக் கோட்டின் இரண்டு பைகளும் முழங்கால் வரை தொங்கும், ஏனென்றால் உள்ளே கல். ஸ்டெதாஸ்கோப் எடுக்கப் பைக்குள் கையை விட்டால் முதலில் மூன்று கல் மேஜைக்கு வரும், அதற்குப் பின்னால்தான் ஸ்டெதாஸ்கோப் வரும். பை மூன்று தடவை கிழிந்த பிறகு தையல்காரர் கோபித்துக்கொண்டு தேயிலை மூட்டைச் சாக்குத் துணியில் பை வைத்துக் கொடுத்துவிட்டார். அரசாங்க அதிகாரிகள் வந்தாலும் அந்தச் சாக்குப் பையோடுதான் நிற்பார்.

இந்தப் பைத்தியம் அவருக்கு ஒரு புத்தகத்தால் பிடித்தது. யாரோ பழைய துரை விட்டுப்போன இங்கிலீஷ் புத்தகம், பூமியின் சரித்திரம். முன்னால் நாற்பது பக்கம் கறையான் தின்றுவிட்டது. அதனால் உலகம் எப்படி ஆரம்பித்தது என்று மட்டும் அவரிடம் கேட்கக்கூடாது. அந்தப் பக்கங்கள் அவரிடம் இல்லை. நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து எதைக் கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

ஒருநாள் தலைவலி என்று போனேன்.

"தம்பி, நீ நிக்கிறது என்னான்னு நினைக்கிற? தரைன்னு நினைக்கிற. இது ஒரு காலத்துல பூமிக்கு உள்ள கொதிச்சுக்கிட்டு கெடந்த கொழம்பு. ஆறி எறுகித்தான் இப்படி மலையா நிக்குது."

"ஐயா, தலை வலி."

"வலிக்கும்லா. இருவது கோடி வருசமா இந்த மலை மழையில நனைஞ்சிக்கிட்டு நிக்குது, ஒரு வார்த்தை சொல்லுதா?"

மலையோடு போட்டி போட முடியாமல் மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தேன். தலைவலி போய்விட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வைத்தியத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. மண் சரிந்து ரோடு அடைபட்ட ஒரு மழைக்காலத்தில், பிரசவ வலி கண்ட பெண்ணுக்காக ஆறாம் நம்பர் லயத்து வீட்டுக்கு முழங்கால் சேற்றில் நடந்தே போய்ச் சேர்ந்தவர். பிள்ளையைப் பத்திரமாக எடுத்துக் கொடுத்துவிட்டு, சரிந்த மண்ணிலிருந்து இரண்டு கல்லையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பழைய ஆயாக் கொட்டகை இருந்தது. தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற இடம். கீழே புதுசு கட்டிய பிறகு இது காலியாகக் கிடந்தது. யாரையும் கேட்காமல் டிரசர் அதில் கல்லைக் குடிவைத்தார். பிள்ளைகள் படுத்த மரத் தொட்டில்களில் இப்போது வெள்ளைப் பளிங்குக் கல், கறுப்புப் பட்டை போட்ட கல், மைக்கா மினுங்குகிற கல் எல்லாம் பஞ்சு விரித்துப் படுத்திருந்தன. வாசலில் பலகை: "மலைக் காட்சிச்சாலை. மருந்து நேரம் முடிந்தபின் பார்க்கலாம்."

ஒவ்வொரு கல்லின்மேலும் பிளாஸ்திரி ஒட்டி, புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்தால் நம்பர் எழுதியிருந்தார். அதோடு ஒவ்வொன்றுக்கும் ஆஸ்பத்திரி நோயாளி அட்டை ஒன்று. அட்டையில் என்னென்ன கட்டம் உண்டோ அத்தனையும் நிரப்புவார். பெயர், கண்டெடுத்த காடு (தேயிலைப் பகுதியை எங்கள் பக்கத்தில் காடு என்போம்), கொண்டு வந்தவர், தேதி. வயது என்ற இடத்தில் "மிக அதிகம்". நோயாளியின் புகார் என்ற இடத்தில் "ஒன்றுமில்லை".

கொண்டு வந்தவர் என்று சொன்னேனே, அங்கேதான் வினை ஆரம்பித்தது. நல்ல கல்லைப் பார்த்தால் டிரசருக்கு மனசு இளகிவிடும். மனசு இளகினால் பேனா இளகிவிடும். ஒரு நாள் எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சீட்டு, எழுத வேண்டிய இடத்தில் மூன்று நாள் எழுதிவிடுவார். இதைத் தோட்டத்து ஜனங்கள் கண்டுபிடிக்க ஒரு வாரம்தான் ஆயிற்று. வயிற்றுவலிக்காரன் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையில் கல்லோடு வந்தான். இருமல்காரி மடியில் கல்லோடு வந்தாள். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது ஆள் குறைந்துகொண்டே போயிற்று, கொட்டகையில் கல் கூடிக்கொண்டே போயிற்று.

ஆனால் அவரை ஏமாற்ற முடியாது. மாரியாயி என்று ஒரு கெட்டிக்காரி, இடுப்புவலி என்று சொல்லி ஒரு கறுப்புக் கல்லை முந்தானையில் மூடி எடுத்து வந்தாள். டிரசர் முகர்ந்து பார்த்தார்.

"எங்க எடுத்த?"

"ஆத்தோரமா ஐயா. மண்ணுக்குள்ள பாதி பொதைஞ்சி கெடந்துச்சி."

"ஆத்துல கொத்தமல்லி வாசனையா வருது? இது உன் வீட்டு அம்மி. ஓரம் ஒடைஞ்சதும் எனக்குத் தூக்கிக்கிட்டு வந்துட்ட. போ, இடுப்புக்கு ஒத்தடம் குடு, நாளைக்கு வேலைக்குப் போ."

காட்சிச்சாலைக்கு ஒரு ராஜா வேண்டாமா? அது வந்த விதம் இது. தேயிலைச் செடியைக் குறிப்பிட்ட வருடத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதைக் கவ்வாத்து என்போம். அந்தக் கூட்டத்தில் முதல் கை காளிமுத்து. கத்தியைத் தீட்டும்போது ஆள்காட்டி விரலை வெட்டிக்கொண்டு ஒருநாள் ஓடிவந்தான். ஒரு கையில் ரத்தம், மறுகையில் கத்தி, கக்கத்தில் சாணைக்கல்.

டிரசர் விரலைப் பார்க்கவில்லை. கக்கத்தைப் பார்த்தார்.

"இது ஏதுடா?"

"தீட்டுற கல்லுங்க ஐயா. ஐயா, ரத்தம்."

"ரத்தம் வந்தா உசுரோட இருக்கன்னு அர்த்தம். கல்லு எங்க கெடச்சிச்சி?"

"ஒம்பதாம் நம்பர் காட்டுல தண்ணி ஓடக் காணு வெட்டுறப்ப. எட்டு வருசமா வச்சிருக்கேன். ஐயா, விரலு."

உள்ளங்கை அளவு, கறுப்பு, வழுவழுப்பு. ஒரு முனை உளி மாதிரி சரிவாக இழைத்திருந்தது. மலை அப்படி ஒரு கல்லைச் செய்யாது, மனிதன்தான் செய்ய வேண்டும் என்று டிரசருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. இரும்பு என்ற ஒன்று இந்தப் பக்கம் வருவதற்கு முந்திய மனிதன் மரம் வெட்டிய கல் கோடாலி. விரலுக்கு மூன்று தையல் போட்டார். தையல் போடும்போதும் கண் கல்லின்மேல்தான் இருந்தது என்று காளிமுத்து பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறான். அவனுக்கு ஏழு நாள் எம்சி, அவன் கல்லுக்கு நம்பர் ஒன்று.

இங்கே என் பங்கைச் சொல்லியாக வேண்டும். நான் தோட்டத்து இளைஞர் கழகத்தின் செயலாளர். கழகம் என்றால் பெரிதாக எண்ணிவிடவேண்டாம், ஒரு கேரம் பலகை, பதினோரு பேர். ஃபாக்டரி பின்கட்டில் தகரக் கூரையின் கீழ் ஆடுவோம். கேமரன் மலையில் மழை பெய்யாத சாயங்காலத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். சாரலில் பலகை நனைந்து, காய் நகராமல் அப்படியே ஒட்டிக்கொள்ளும். கூரையும் சுவரும் உள்ள ஒரு கொட்டகையில் கல்லெல்லாம் பஞ்சுமேல் படுத்திருக்க, மனிதர்கள் மழையில் நின்று கேரம் ஆடுவதா என்று எனக்கு வயிறு எரிந்தது.

எரிந்ததும் நம் ஆட்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். துரைக்கு ஒரு மொட்டைக் கடிதாசி போட்டேன். எழுத்து தெரிந்துவிடும் என்று இடது கையால் எழுதினேன். கொட்டகையில் கற்கள் வசிக்கின்றன, மனிதருக்கு இடமில்லை, கல் கொண்டுவருவோருக்கு எம்சி கிடைக்கிறது, இப்படிக்கு உண்மை விளம்பி.

துரை என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைக்கவேண்டாம். அவர்கள் போய்விட்டாலும் பட்டம் போகவில்லை. எங்கள் துரை, அதாவது தோட்ட மேனேஜர், ஈப்போ சீனர், தோட்டத்திலேயே பழகிய தமிழ் பேசுவார். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். கூட நானும் போனேன், நோட்டுப் புத்தகத்தோடு, ஒன்றும் அறியாத முகத்தோடு.

"டிரசர், இது என்னா? ரோடு போடுற ஸ்டோரா?"

"மியூசியம் துரை."

"யாரு சொன்னா மியூசியம்ன்னு? நீ சொன்னா ஆச்சா? ஒரு மாசம் டைம் தர்றேன். வெவரம் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் வந்து இது நல்ல சாமான்னு சொல்லட்டும், ரூம் உனக்கு. இல்லன்னா இதெல்லாம் லோரி ரோட்டு குழிக்குப் போகும்."

டிரசர் ஒரு தொட்டிலின் பஞ்சைச் சரிசெய்தார். "சரிங்க துரை. கல்லு போனா நானும் போயிருறேன். கீழ பீடோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல டிரசர் இல்லையாம்." மருந்தை மூன்று வேளை சாப்பிடு என்று சொல்கிற அதே குரலில் சொன்னார்.

முதல் நாள் எனக்குச் சந்தோஷம். இரண்டாம் நாள் முதல் அது குறைந்தது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பேசிக்கொண்டதைக் கேட்டேன். "கல்லுப் பைத்தியம்னாலும் நம்ம பைத்தியம்லா. புதுசா வர்றவன் நடுச்சேத்துல நடந்து வருவானா?" என்றாள் அம்மிக்கல் மாரியாயி. "கடிதாசி போட்டவன் கையில கட்டி வர" என்றாள் இன்னொருத்தி. நான் குடத்தை நிரப்பாமலே திரும்பினேன்.

டிரசர் கோலாலம்பூர் மியூசியத்துக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். கடைசியில் பதில் வந்தது, அடுத்த புதன்கிழமை காலை ஓர் அதிகாரி வருகிறார் என்று. தோட்டம் முழுக்கச் செய்தி பரவியது. கொட்டகையைக் கழுவினார்கள், வாசலில் கோலம் போட்டார்கள், பலகைக்கு யாரோ கதம்ப மாலை போட்டார்கள். டிரசர் கோட்டைத் துவைத்துப் போட்டிருந்தார். சாக்குப் பை மட்டும் அப்படியே இருந்தது.

வந்தவர் ஒரு மலாய்க்கார அம்மாள். கண்ணாடி, மழைக்கோட்டு, சேற்றுக்குத் தோதான பூட்ஸ். அதிகம் பேசவில்லை. தொட்டில் தொட்டிலாகப் போனார். துரை பின்னால், டிரசர் அதற்குப் பின்னால், நான் கதவோரம்.

"இது கருங்கல்" என்றார் மலாயில். அடுத்ததைப் பார்த்தார். "இதுவும் கருங்கல். என்னிடம் இது நிறைய இருக்கிறது என்று சொல்ல வருத்தமாக இருக்கிறது. இந்த மலையே கருங்கல்தானே?"

"ஆமாம் புவான்" என்றார் டிரசர், அம்மா என்கிற மரியாதையோடு.

துரை கடிகாரத்தைப் பார்த்தார். டிரசர் அந்த அம்மாளைக் கடைசித் தொட்டிலுக்கு அழைத்துப் போனார். அதில் சிவப்புப் பட்டுத் துணி விரித்து, அதன்மேல் இன்னொரு துணி மூடியிருந்தது. "இதற்காகத்தான் புவானை வரச்சொன்னேன்" என்று மூடிய துணியை எடுத்தார்.

உள்ளே ஒரு சாணைக்கல் இருந்தது. புத்தம்புதுசு. சாம்பல் நிறம், நாலு மூலையும் சதுரம், கம்பெனி முத்திரை, ரிங்லெட் இரும்புக் கடையில் ஒட்டிய சீட்டுக்கூட உரிக்கவில்லை. மேலே கவனமாக பிளாஸ்திரி ஒட்டி, நம்பர் ஒன்று.

அந்த அம்மாள் எடுத்தார், திருப்பினார், முத்திரையைப் படித்தார், திரும்ப வைத்துவிட்டார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். டிரசர் பட்டுத் துணியைத் தூக்கி அடியில் தேடினார். அந்த முகத்தை நான் இன்றைக்கும் பார்க்க விரும்பமாட்டேன்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று காலை பெரட்டில் காளிமுத்து என்னைப் பார்த்து, "கிராணியாரே, கொட்டகையில எல்லாம் சரி பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். கோலத்தைச் சொல்கிறான் என்று நினைத்திருந்தேன்.

ஓடினேன். ஒன்பதாம் நம்பர் காடு ஒன்றரை மைல், முழுக்க ஏற்றம், நல்ல பனிமூட்டம். கேரம் ஆடுகிறவன் கால் அதற்கெல்லாம் பழகியதல்ல. காணு ஒன்றைத் தாண்டும்போது விழுந்து முழங்கால் கிழிந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது காளிமுத்து ஒரு செடியடியில் குந்தி, கல் கோடாலியின்மேல் எச்சில் துப்பிக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா மாத்துன?" என்றேன், மூச்சு வந்த பிறகு.

"பின்ன என்னாங்க? கோலாலம்பூர்லேருந்து பெரிய ஆளு வர்றாங்க. தேஞ்சிபோன பழசையா வைக்கிறது? ஐயாவுக்குல்ல கேவலம். டவுனுக்குப் போயி நல்ல கல்லா பாத்து வாங்கியாந்து வச்சேன். ஐயாகிட்ட சொல்லாதீங்க, பரவால்ல."

விருந்தாளி வந்தால் ஓட்டை டம்ளரை ஒளித்துவிட்டு அலமாரிக் கண்ணாடி டம்ளரை எடுக்கிற ஜாதி நாங்கள். அவனை என்ன சொல்லித் திட்டுவது? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

நாங்கள் வந்து சேர்ந்தபோது, துரை கொடுத்த தேநீரைக் குடித்து முடித்து, அவர் காரில் அந்த அம்மாள் ஒரு காலை வைத்துவிட்டிருந்தார். காளிமுத்து எதிரே போய், கல்லைத் தன் சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினான். "புவான், இனி பத்து லாமா" என்றான், இது பழைய கல்லு என்று. மன்னிப்புக் கேட்கிற குரல்.

அவர் வாங்கினார். காலைக் காரிலிருந்து எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். இழைத்த முனையில் விரலை ஓட்டிப் பார்த்தார். "எங்கே கிடைத்தது? சரியாக எந்த இடம்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல டிரசர் உள்ளே போய் நோயாளி அட்டையைக் கொண்டு வந்தார். ஒன்பதாம் நம்பர் காடு, ஆற்றிலிருந்து நாற்பது தப்படி, வடக்குக் காணு, முழங்கை ஆழம். கண்டவர் காளிமுத்து, கவ்வாத்து. வலது ஆள்காட்டி விரல், மூன்று தையல்.

அந்த அம்மாள் உள்ளே திரும்பிப் போய் எல்லா அட்டைகளையும் படித்தார். ஒரு மணி நேரம் படித்தார். வெளியே வந்து துரையிடம் சொன்னார்: "பலர் என்னிடம் இதைப்போன்ற கற்களைக் கொண்டுவருகிறார்கள். எங்கே எடுத்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இடம் தெரியாத கல் ஊமை. இங்கே கருங்கல்லுக்குக்கூட முகவரி இருக்கிறது. இந்த அறையைத் தொடாதீர்கள். கோடாலியைப் பதிவுசெய்துவிட்டு நானே திருப்பி அனுப்புகிறேன், கண்ணாடிப் பெட்டியோடு." பிறகு காளிமுத்துவைப் பார்த்து, "இனிமேல் இதில் கத்தி தீட்டக்கூடாது" என்றார்.

"அப்ப அந்தப் புதுசை நான் எடுத்துக்கலாமா?" என்று அந்த அம்மாளிடம் கேட்கும்படி காளிமுத்து என்னிடம் சொன்னான்.

துரை கொட்டகையை ஒரு தடவை பார்த்தார், டிரசரை ஒரு தடவை பார்த்தார். "சரி, ரூம் உனக்கே. ஆனா கல்லுக்கு எம்சி கெடையாது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது. அத்தனை நிம்மதி.

கார் போனதும் டிரசர் படியில் பொத்தென்று உட்கார்ந்தார். அங்கிருந்தே என் முழங்காலைப் பார்த்தார். உள்ளே கூட்டிப் போய், சேற்றைக் கழுவி, மருந்து வைத்தார். "வலிக்குதா தம்பி?" என்று கேட்டார். அவர் யாரிடமும் அப்படிக் கேட்டு நான் அறிந்ததில்லை.

"ஐயா, அந்தக் கடிதாசி..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்லா. அதுக்கு மறுநாளு வந்து இடது மணிக்கட்டு வலிக்குதுன்னு தைலம் வாங்கிட்டுப் போன. வலது கைக்காரனுக்கு இடது கை ஏன் வலிக்குது? நான் டிரசரா, பெயிண்டரா?" கட்டை இறுக்கினார். "கேரம் பலகைய கொண்டாந்து நடுவுல போட்டுக்க. தொட்டில மட்டும் இடிக்காதீங்க."

அவர் எண்பதுகளின் நடுவில் ஓய்வு பெறும்வரை அந்தக் கொட்டகையில் ஒரு பக்கம் கண்ணாடிப் பெட்டியும் மறுபக்கம் கேரமுமாகத்தான் நடந்தது. ஆட்டத்தின் நடுவில் அவர் நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பார். நாங்கள் கேட்கிற மாதிரி பாசாங்கு செய்வோம், பிறகு பாசாங்கு செய்யாமலே கேட்க ஆரம்பித்தோம்.

அன்று கட்டுப் போட்ட காலோடு நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது ஒன்று யோசித்தேன். இவர் பீடோருக்குப் போயிருந்தால், இந்த மலையில் எனக்கு மட்டும் என்ன இருந்திருக்கும்? நல்லவேளை, அதற்குப் பதில் தேடவேண்டிய அவசியம் வரவில்லை.